இருபதாவது கோடு

“இன்சுலின் போட்டுக்கொள்ளும் முறை விளக்கப்பட்டது. நோயாளி புரிந்துகொண்டார்.” டெல்டா மாவட்டம் ஒன்றில், அரசு மருத்துவமனையின் தொற்றா நோய்ப் பிரிவில் செவிலியராக இருந்த ஆண்டுகளில், இந்த இரண்டு வாக்கியங்களை எத்தனை நூறு முறை எழுதிக் கையொப்பமிட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. முதல் வாக்கியம் எப்போதும் உண்மையாகவே இருந்தது. இரண்டாவதை நான் எதை வைத்து எழுதினேன் என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. “புரிஞ்சுதாம்மா?” என்பேன், எதிரில் இருப்பவர் தலையசைப்பார், பேனா ஓடும்.

அந்தப் பேனாவை நிறுத்தியவர், வயல் வேலைக்குப் போகும் 58 வயது அம்மா ஒருவர். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. ஆனால் எண் தெரியும், பேருந்தின் எண்ணைப் பார்த்து ஏறிவிடுவார். சர்க்கரை மாத்திரைக்குக் கட்டுப்படாமல் போனதால் காலையில் 20 யூனிட் இன்சுலின் போட வேண்டும் என்று மருத்துவர் எழுதியிருந்தார். “ஊசின்னா கடைசிக் கட்டம்தானே சிஸ்டர்?” என்று அழுதவரைத் தேற்றி, தொடர்ந்து மூன்று நாள் காலையில் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தேன். கலவை இன்சுலின் என்பதால் குப்பியைக் குலுக்காமல் இரு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து மெதுவாக உருட்ட வேண்டும், பால்போல் ஒரே நிறமாக வந்த பிறகே எடுக்க வேண்டும், தொப்புளைச் சுற்றி இரண்டு விரற்கடை விட்டு, நாளுக்கு ஓரிடமாக மாற்றி மாற்றிப் போட வேண்டும் என்பவற்றையெல்லாம் சொன்னேன். “இருபதாவது கோடு வரைக்கும் இழுங்க” என்று சிரிஞ்சில் விரல் வைத்துக் காட்டினேன். நாற்று முடிந்து பழகிய கை அது. மூன்றாம் நாள் ஒரு மயிரிழை பிசகாமல் இருபதாவது கோட்டில் நிறுத்திக் காட்டியபோது எனக்கே பெருமையாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து வந்தபோது அவருடைய சர்க்கரை 300-க்கு மேல் நின்றது. சாப்பாட்டில் கட்டுப்பாடு இல்லை என்று நான்தான் கடிந்துகொண்டேன். மருத்துவர் அளவை 26 யூனிட்டாக உயர்த்தினார். அடுத்த முறை 32 ஆயிற்று. அதற்குப் பிறகும் இறங்கவில்லை. காலில் ஆறாத புண்ணோடு அவர் வார்டில் சேர்க்கப்பட்ட அன்று சர்க்கரை 380. மறுநாள் காலை, வீட்டில் போட்டுவந்த அதே 32 யூனிட்டை வார்டில் நாங்கள் போட்டோம். பதினொரு மணிக்கு அவர் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறிக் கட்டிலில் சாய்ந்துவிட்டார். குளுக்கோமீட்டர் 46 என்று காட்டியது. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றி, அவர் கண் திறந்து என் பெயரைச் சொல்லும் வரை எனக்கு மூச்சு சீராகவில்லை.

வீட்டில் 32 யூனிட்டுக்கு அசையாத சர்க்கரை, வார்டில் அதே 32 யூனிட்டுக்கு ஏன் இப்படிச் சரிந்தது? மாலையில் அவர் தெளிந்த பிறகு, வீட்டில் எப்படிப் போட்டுக்கொண்டார் என்று செய்து காட்டச் சொன்னேன். கட்டிலுக்கு அடியிலிருந்த மஞ்சள் பையைத் துழாவி, பனியன் துணியில் சுற்றி வைத்திருந்த சிரிஞ்சை எடுத்தார். அதன் மூடி ஆரஞ்சு நிறம். நான் கற்றுக்கொடுத்தது சிவப்பு மூடி போட்ட சிரிஞ்சில். மருத்துவமனையில் கொடுத்தவை தீர்ந்ததும், மகன் டவுன் கடையில் “இன்சுலின் போடுற சிரிஞ்சு” என்று கேட்டு வாங்கிவந்திருக்கிறார்; கடையில் இருந்ததைக் கொடுத்திருக்கிறார்கள்.

இதை அறியாதவர்களுக்காகக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் செறிவுடையது. அதற்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு. பேனாவில் போடும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட். அந்தச் செறிவுக்கு அளவிட்ட சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு. ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் இருபதாவது கோடு என்பது 0.2 மில்லிலிட்டர், 40 யூனிட் குப்பியிலிருந்து அந்த அளவை இழுத்தால் உடம்புக்குள் போவது 8 யூனிட் மட்டுமே. 32 என்று அவர் இழுத்தபோதும் போனது 13 யூனிட்டைத் தொடவில்லை. நேர்மாறாக, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் இழுத்துவிட்டால் இருபதாவது கோட்டில் 50 யூனிட் போய்விடும். அது உயிருக்கே ஆபத்து.

அந்த அம்மா ஒரு நாளும் ஊசியைத் தவறவிடவில்லை. நான் சொன்னதை அப்படியே, சொன்ன கோட்டில், சொன்ன நேரத்தில் செய்திருக்கிறார். நான் கற்றுக்கொடுத்தது கோட்டை, சிரிஞ்சைக் கற்றுக்கொடுக்கவில்லை. மூடியின் நிறம் எனக்குப் பழகிப்போனது என்பதால் அது சொல்ல வேண்டிய செய்தி என்றே தோன்றவில்லை. குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். என் கையெழுத்தில், “புரிந்துகொண்டார்” என்று இருந்தது. இரண்டு முறை அவரைக் கடிந்துகொண்டதற்கு மன்னிப்புக் கேட்டபோது, “நீங்க என்ன பண்ணுவீங்க, கடைக்காரன் குடுத்தான்” என்று என்னைத்தான் அவர் தேற்றினார்.

அதிலிருந்து நான் மாற்றிக்கொண்டது ஒன்றுதான்: “புரிந்ததா?” என்று கேட்பதை விட்டுவிட்டேன். அந்தக் கேள்விக்கு நம் ஊரில் “இல்லை” என்று பதில் சொல்பவர் அரிது. வெள்ளை உடுப்புக்கு முன் இல்லை என்பது மரியாதைக் குறைவு, பின்னால் வரிசை நிற்கிறது, பேருந்துக்கு நேரமாகிறது. ஆகவே சொன்னதை அவர்கள் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொன்னேன். பயிற்சி வகுப்புகளில் இந்த முறையைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தும் கையாண்டதில்லை. முதல் வாரமே ஒரு பெரியவர், “என்ன சிஸ்டர், பரீட்சை வைக்கிறீங்களா?” என்று முகம் சுளித்தார். அவர் சுளித்ததில் நியாயம் இருந்தது. நான் கேட்ட விதம் அப்படி. பிறகு கேள்வியைத் திருப்பிப் போட்டேன். “நான் கொஞ்சம் வேகமா சொல்லிட்டேன், விட்டுப்போச்சான்னு எனக்கே சந்தேகமா இருக்கு. வீட்டுக்குப் போனதும் மருமக ‘என்ன சொன்னாங்க’ன்னு கேட்டா நீங்க என்ன சொல்வீங்க?” என்று கேட்டால், மருமகளிடம் சொல்வதுபோலவே சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். அப்போதுதான் நான் சொன்னது ஒன்று, போய்ச் சேர்ந்தது ஒன்று என்பது காதில் விழுகிறது. பிழை தென்பட்டால், “அப்படி இல்லம்மா” என்று திருத்துவதைவிட, “நான் சரியா சொல்லலை” என்று தொடங்கி வேறு சொற்களில் சொல்லி, மறுபடியும் அவர்களைச் சொல்ல வைப்பது பலனளிக்கிறது.

மருத்துவமனையில் சொல்லப்படும் செய்தியில் 40 முதல் 80 விழுக்காடு வரை உடனேயே மறந்துபோகிறது, நினைவில் நிற்பதாக நோயாளி எண்ணுவதிலும் ஏறக்குறைய பாதி பிழையாக இருக்கிறது என்று 2003-இல் பிரிட்டன் மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்த ஒரு கட்டுரை, அதற்கு முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லியிருந்தது. வரிசையில் நிற்பவர்களை நாள்தோறும் பார்ப்பவளுக்கு அதில் வியப்படைய ஒன்றுமில்லை. ஒரே மூச்சில் பத்து அறிவுரை சொன்னால், கடைசியாகச் சொன்ன “அடுத்த மாசம் வாங்க” என்பதுதான் மிஞ்சும். எனவே ஒரு வருகைக்கு ஒரு செய்தி, மிஞ்சினால் இரண்டு என்று வைத்துக்கொண்டேன். காலைப் பாதுகாப்பதைப் பற்றி இந்த மாதம், உப்பைப் பற்றி அடுத்த மாதம். திருப்பிச் சொல்லச் சொன்னால் நேரம் பிடிக்குமே, நூற்றைம்பது பேர் வரும் நாளில் இது நடக்கிற காரியமா என்று உடன் பணிபுரிந்தவர்கள் கேட்டார்கள். செய்தியைக் குறைத்துக்கொண்டால் நேரம் கிடைக்கிறது என்பதே என் அனுபவம். ஆனாலும் எல்லாரிடமும் எல்லா நாளும் இதைச் செய்துவிட்டேன் என்று சொன்னால் பொய். புதிதாக மருந்து தொடங்குகிறவர், மருந்தின் அளவு மாறியவர், வார்டிலிருந்து வீட்டுக்குப் போகிறவர் ஆகிய மூவரை மட்டும் விட்டதில்லை.

அப்படிச் சொல்ல வைத்ததில் எனக்குக் கிடைத்த பாடங்கள் நான் கொடுத்த பாடங்களைவிட அதிகம். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை நிறுத்துவதற்குப் பெரும்பாலும் காரணமாவது நாங்கள் சொல்லும் ஒரு நல்ல செய்திதான். “பிரஷர் நார்மலா இருக்கு” என்போம். சரியாகிவிட்டது, இனி மாத்திரை எதற்கு என்று வீட்டில் நிறுத்திவிடுவார்கள். மாத்திரை சாப்பிடுவதால்தான் 130-இல் நிற்கிறது, விட்டால் மறுபடி 180-க்குப் போகும் என்று நான் எத்தனையோ விதமாக விளக்கிப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் குத்தகை விவசாயி ஒருவரிடம் இதைச் சொல்லிவிட்டு, வீட்டில் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டேன். சற்று யோசித்து, “இது வரப்பு மாதிரிங்க. தண்ணிதான் நிக்குதேன்னு வரப்பை வெட்டிவிட முடியுமா?” என்றார். அன்று முதல் அந்த வரப்பை நான் அவரிடமிருந்து கடன் வாங்கி வைத்திருக்கிறேன். இந்தப் பகுதியில் அதற்கு மேல் ஒரு சொல் விளக்கம் தேவைப்பட்டதில்லை.

மருந்துச் சீட்டில் எழுதும் 1-0-1 என்ற குறிப்பும் இப்படித்தான் என்னை ஏமாற்றியது. காலை, இரவு, சாப்பாட்டுக்கு முன் என்று சொல்லிக்கொடுத்தால் போதும் என்றிருந்தேன். நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு பெண், சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையைக் காலை ஆறரை மணிக்கு வெறும் தேநீரோடு விழுங்கிவிட்டு வேலைக்குப் போய், வரப்போரத்தில் மயங்கி விழுந்து வந்து சேர்ந்தார். அவருக்குக் காலைச் சாப்பாடு என்பது பத்தரை மணிக்கு வேலையிடத்தில் திறக்கும் தூக்குவாளிச் சோறு. சாப்பாட்டுக்கு முன் என்று நாங்கள் சொன்னதை அவர் மீறவேயில்லை. நான்கு மணி நேரம் முன் என்பதும் முன்தானே. இப்போது மருந்தை விளக்குவதற்கு முன்பே, “நேத்து காலையில எழுந்ததுலேருந்து படுக்கிற வரைக்கும் என்னென்ன சாப்பிட்டீங்க, எத்தனை மணிக்கு?” என்று கேட்டுவிடுகிறேன். அதைக் கேட்ட பிறகு, “தூக்குவாளியைத் திறக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி” என்று சொல்ல முடிகிறது. மருந்தின் நேரத்தையோ அளவையோ மாற்ற வேண்டியிருந்தால் மருத்துவரிடம் நானே அழைத்துப்போகிறேன். வியர்வை, நடுக்கம், படபடப்பு, கண் இருட்டல் வந்தால் உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும், கால்மணி நேரத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் குடித்துவிட்டு உதவிக்கு ஆள் கூப்பிட வேண்டும், தெளிந்ததும் சாப்பிட்டுவிட வேண்டும் என்பதை இத்தகைய மாத்திரையோ இன்சுலினோ தொடங்கும் எவரையும் சொல்ல வைக்காமல் அனுப்புவதில்லை. சர்க்கரை நோயாளி சர்க்கரைப் பொட்டலத்தை இடுப்பில் முடிந்துகொண்டு போவதை ஊரில் கேலி செய்கிறார்கள் என்பதால், கூட வேலை செய்கிறவர்களில் ஒருவருக்காவது காரணத்தைச் சொல்லி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

உப்பு விஷயத்தில் ஒரு கணக்கு எனக்குக் கைகொடுத்தது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். “உப்பைக் குறைங்க” என்றால் எல்லாரும் குறைத்துவிட்டதாகவே சொல்வார்கள். நான் கேட்பது வேறு: “ஒரு கிலோ உப்பு பாக்கெட்டு உங்க வீட்ல எத்தனை நாளைக்கு வருது?” நான்கு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு 5 கிராம் என்றால் ஒரு பாக்கெட் 50 நாள் வர வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இருபது, இருபத்தைந்து நாளில் தீர்ந்துவிடுவதாகச் சொல்கிறார்கள். ஊறுகாயும் கருவாடும் அப்பளமும் தனிக்கணக்கு. பாக்கெட்டைப் பிரித்த தேதியை நாட்காட்டியில் குறித்து வைக்கச் சொன்னால், அடுத்த மாதம் அவர்களே கணக்கோடு வருகிறார்கள். இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியது நோயாளியிடம் அல்ல, சமைக்கிறவரிடம். கணவருக்கு இரத்த அழுத்தம் என்றால் மனைவியை உள்ளே அழைக்காமல் உப்பைப் பற்றிப் பேசுவது வீண்.

படிப்பறிவு வேறு, உடல்நலம் பற்றிய அறிவு வேறு என்பதை எனக்குக் காட்டியவர் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர். ஆஸ்துமாவுக்காக, பொடி அடைத்த கேப்சூலைக் கருவியில் போட்டு வாயால் உறிஞ்சும்படி அவருக்குக் கொடுத்திருந்தார்கள். படித்தவர் என்பதால் எவரும் செய்து காட்டவில்லை. பதினைந்து நாளாக அந்தக் கேப்சூலைத் தண்ணீரோடு விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். கருவி உபரியாக வந்த ஏதோ பொருள் என்று நினைத்து அலமாரியில் வைத்துவிட்டார். படிக்காதவர் தெரியவில்லை என்று சொல்லக் கூச்சப்படுவார். படித்தவர் அதைவிடக் கூச்சப்படுவார். “கண்ணாடியை மறந்துட்டு வந்துட்டேன், வீட்ல போய்ப் படிச்சுக்கிறேன்” என்று ஒருவர் இரண்டாவது முறையும் சொன்னால், துண்டுப் பிரசுரத்தை அவர் கையில் திணிப்பதை நிறுத்திவிட்டுப் பேச ஆரம்பிக்க வேண்டும் என்பது என் வழக்கம்.

மாத்திரையை நிறத்தால் அடையாளம் சொல்லிக்கொடுப்பதையும் விட்டுவிட்டேன். “வெள்ளை காலையில, மஞ்சள் ராத்திரி” என்பது எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் மருந்து தயாரிக்கும் நிறுவனம் மாறினால் நிறமும் அட்டையும் மாறிவிடும், வீட்டில் மிஞ்சிய பழைய அட்டையும் புதிய அட்டையும் இரண்டு வேறு மருந்துகள் என்று எண்ணி ஒரே மாத்திரையை இரட்டிப்பாகச் சாப்பிட்டவர்கள் உண்டு. காகித உறையின் மேல் சூரியனும் நிலாவும் வரைந்து, இது சர்க்கரைக்கு, இது பிரஷருக்கு என்று சொல்லி, வீட்டிலிருக்கும் அத்தனை மருந்தையும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பையோடு கொண்டுவந்து மேசையில் கொட்டச் சொல்கிறேன். அந்தப் பை சொல்லும் கதையை எந்தக் குறிப்பேடும் சொல்வதில்லை. குளிர்சாதனப் பெட்டி இருந்தும் இன்சுலினை உறைபனித் தட்டில் வைத்துக் கெடுத்தவர்களைப் பையில்தான் கண்டுபிடித்தேன். பெட்டியே இல்லாத வீடுகளுக்கு, பெரிய மண்பானைக்குள் ஈரமணல் பரப்பி, அதன்மேல் சிறிய சட்டியை வைத்து, தண்ணீர் படாமல் குப்பியை உள்ளே மூடி வைக்கும் முறையைச் சொல்லிக்கொடுக்கிறோம்.

2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் மாத்திரைகள் வீட்டுக்கே போகின்றன. நாள் கூலியை விட்டுவிட்டு மருந்துக்காக வரிசையில் நின்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பது கூட நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் மாதந்தோறும் என் மேசைக்கு வந்தவர் இப்போது அரிதாகவே வருகிறார், பேசிப் புரியவைக்கும் வாய்ப்பும் அதோடு குறைகிறது. அந்த வேலை இப்போது வீட்டு வாசலில் நிற்கும் தன்னார்வலப் பெண்ணிடம் போயிருக்கிறது. எங்கள் பகுதிக்கு வருபவரிடம், மாத்திரையைக் கொடுத்ததும் “எப்ப சாப்பிடுவீங்க, சொல்லுங்க” என்று ஒரு கேள்வி கேட்கும்படி சொல்லியிருக்கிறேன். உப்புக் கேள்வியை அவர் என்னைவிட நன்றாகக் கேட்கிறார். அடுப்படி வரை போக அவரால் முடிகிறது.

இத்தனைக்குப் பிறகும் எனக்குப் பிடிபடாத இடங்கள் உண்டு. போன மாதம், நடவு வேலைக்காகப் பீகாரிலிருந்து வந்த ஓர் இளைஞருக்குக் காசநோய் உறுதியானது. ஆறு மாதச் சிகிச்சை. அதில் உள்ள ரிபாம்பிசின் என்ற மருந்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், அதைக் கண்டு பயந்து மாத்திரையை நிறுத்துகிறவர்கள் நம்மவர்களிலேயே இருக்கிறார்கள் என்பதால் அதை முதல் நாளே சொல்லியாக வேண்டும். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு இந்தி எண்கள் தாண்டி வராது. மேசை இழுப்பறையில் மாதிரிக்காகச் சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி சிரிஞ்சுகளை இன்றும் வைத்திருக்கிறேன். ஆரஞ்சு மூடியை எடுத்துக் காட்டி, கழிப்பறைப் பக்கம் கை நீட்டி, பயப்பட வேண்டாம் என்று சைகை செய்தேன். அவர் உடனே தலையசைத்தார். அந்தத் தலையசைப்பை எனக்கு நன்றாகத் தெரியும். மேஸ்திரியின் கைப்பேசிக்கு அழைத்து, அவர் வழியாகச் சொல்லி, இளைஞரையும் திருப்பிச் சொல்ல வைத்தேன். என்ன சொன்னார் என்று மேஸ்திரியிடம் கேட்டதற்கு, “எல்லாம் புரிஞ்சுதுன்னு சொல்றான் சிஸ்டர்” என்றார். அடுத்த புதன்கிழமை வரும்போது காலி அட்டையை மறக்காமல் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். தமிழும் இந்தியும் தெரிந்த அரிசி ஆலைத் தொழிலாளி ஒருவரையும் அன்று காலை வரச் சொல்லியிருக்கிறேன்.